போதிகை: இராமநாதபுரத்தில் சில நடைகள்

தமிழ்நாட்டில் கட்டிடக் கலை என்றால் கோவில் என்று ஆகிவிட்டது. கோவில் என்றால் தஞ்சாவூர், கங்கைகொண்டசோழபுரம், மாமல்லபுரம். அப்புறம் வந்ததையெல்லாம் நாயக்கர் காலத்துச் சரிவு என்று ஒரு வரியில் தள்ளிவிடுவது வழக்கம். இதே சரிவுக் கொள்கைதான் நம் இலக்கியச் சரித்திரத்தையும் ஆள்கிறது: சங்கம் பொற்காலம், பதினேழாம் நூற்றாண்டு இருண்ட காலம். அதனாலேயே இதைச் சந்தேகிப்பதில் எனக்கு ஒரு ருசி உண்டு. சந்தேகத்தைச் சோதித்துப் பார்க்க இராமநாதபுரம் ஏற்ற ஊர். இங்கே பார்க்க வேண்டியவை அநேகமாக எல்லாமே 'சரிவு' தொடங்கிய பிறகு கட்டப்பட்டவை.

இந்த ஊர்க் கிளைக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷங்களாகின்றன. இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளிலும் ஞாயிறுகளிலும் நடக்கிறேன். ஊருக்குள் என்றால் நடை; தூரம் என்றால் பஸ்ஸில் போய் இறங்கி அங்கே நடை. கட்டிடத்தைப் புகைப்படத்தில் பார்ப்பது கவிதைக்குப் பதிலாகப் பொழிப்புரையைப் படிப்பது போலத்தான். படத்தில் முகப்பு தெரியும். நடக்கும்போதுதான் எதற்கப்புறம் எது வருகிறது, எங்கே வெளிச்சம் குறைகிறது, எங்கே குனிய வேண்டியிருக்கிறது என்ற வரிசை கிடைக்கும். இந்த வரிசையைத்தான் நான் கட்டிடத்தின் வாக்கிய அமைப்பு என்கிறேன்.

ஊரே இப்படி ஒரு வரிசையாகத்தான் இருக்கிறது. அரண்மனை வாசலிலிருந்து வண்டிக்காரத் தெரு, கேணிக்கரை, நீலகண்டி ஊரணி, முகவை ஊரணி என்று நடந்தால் அரண்மனைக்கும் தண்ணீருக்கும் இடையே ஊர் வளர்ந்த விதம் காலுக்குத் தெரியும். வெளிப்பட்டினம் என்று ஒரு பகுதி. எதற்கு வெளியே? கோட்டைக்கு வெளியே. 1772இல் ஜோசப் ஸ்மித்தின் தலைமையில் கம்பெனிப் படை, ஆற்காட்டு நவாபுக்காக வந்து பிடித்த கோட்டை அது. சுவர் போய்விட்டது. 'வெளி' மட்டும் பெயரில் நிற்கிறது. உள்ளே என்பது அழிந்த பிறகும் வெளியே என்பது பிழைத்திருப்பது விசித்திரம்தான்.

போகலூரிலிருந்த தலைநகரை இங்கே கொண்டுவந்து நிலைநிறுத்தியவர் ரகுநாத கிழவன் சேதுபதி. 1710இல் இறந்தவர். மதுரை நாயக்கர்களுக்கு அடங்கிய பாளையமாக இருந்த மறவர் சீமையை, ராணி மங்கம்மாளின் படையையும் எதிர்த்து நின்று, தனி அரசாக்கியவர். அவர் கட்டியது இராமலிங்க விலாசம். 1970களின் கடைசியில் தமிழ்நாடு தொல்லியல் துறை இதைப் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. இப்போது சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம்.

வெளியிலிருந்து பார்க்கிறவன் ஏமாந்துபோவான். தடித்த, அலங்காரமில்லாத சுவர்கள். அரண்மனை என்ற வார்த்தை நம்மிடம் எழுப்பும் ஆடம்பரம் எதுவும் இல்லை. படியேறி உள்ளே போனால் தூண்கள் நிறைந்த பெரிய மண்டபம். அதைக் கடந்தால் சற்றே சிறிய மண்டபம். அதையும் கடந்தால் ஒரு சதுர அறை. மகாமண்டபம், அர்த்த மண்டபம், கர்ப்பக்கிருகம். இது கோவிலின் தளவரைவு. லிங்கம் இருக்க வேண்டிய இடத்தில் சேதுபதிகள் முடிசூடும்போது அமர்ந்த கல்மேடை இருக்கிறது. இராமர் பீடம் என்று அதற்குப் பெயர்.

கோ இல் என்றால் அரசன் வீடு. பிறகுதான் தெய்வத்தின் வீடு. இந்தச் சொல்லாராய்ச்சியைக் கல்லூரியில் கேட்டபோது அது அகராதிச் சமாசாரமாக மட்டும் இருந்தது. இங்கே அந்த இரண்டு அர்த்தமும் ஒரே தரையில் நிற்கின்றன. சேதுபதி என்றால் சேதுவின் காவலன். இராமேஸ்வரத்துக்குப் போகும் வழியைக் காப்பதுதான் அவர் அரசுரிமைக்கு ஆதாரம். அப்படிப்பட்டவர் தனக்கென்று கட்டும்போது, தன் அதிகாரம் எங்கிருந்து வருகிறதோ அந்த இடத்தின் நடையையே வீட்டுக்குள் கொண்டுவருகிறார்.

உள்சுவர்களிலும் தூண்களிலும் கூரையிலும் ஓவியங்கள். முத்து விஜய ரகுநாத சேதுபதி (1713-1725) காலத்தவை. சிவப்பு தூக்கலாகத் தெரிகிறது. இராமாயணக் காட்சிகள், பாகவதக் காட்சிகள், தஞ்சாவூர் மராத்தியரோடு நடந்த போர், ஐரோப்பியர்களைச் சேதுபதி சந்திப்பது, மதுரை நாயக்கர் சேதுபதிக்கு ரத்தினங்களைச் சொரிந்து மரியாதை செய்வது. புராணமும் நேற்றைய அரசியலும் ஒரே வர்ணத்தில், ஒரே அளவில், ஒரே பாவனையில். எது நடந்தது, எது நடந்ததாகச் சொல்லப்படுவது என்ற வித்தியாசம் இந்தச் சுவருக்கு முக்கியமில்லை.

இப்போது மதுரைக்குப் போக வேண்டும். இராமலிங்க விலாசத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முந்தியது திருமலை நாயக்கர் மகால். 1636 என்று சொல்வார்கள். பிரம்மாண்டமான வட்டத் தூண்கள், வளைவுகள், குவிமாடம், சுதைவேலை. அதன் மேல்பாதி தக்காணத்துச் சுல்தான்களின் அரண்மனைகளிடம் பாடம் கேட்டது. மீனாட்சி கோவிலில் புது மண்டபம் எழுப்பிய அதே அரசர் தனக்கு வீடு என்று வந்தபோது குவிமாடத்தைத் தேர்ந்தெடுத்தார். மறவர் சீமைக்காரர் அந்த மகாலைப் பார்க்காதவராக இருக்க முடியாது. பார்த்துவிட்டு வேறு மாதிரி கட்டினார். மதுரையிலிருந்து விலகியதை அவர் கல்லில் சொன்ன விதம் இது என்பது என் கட்சி.

இதை மனதில் வைத்துக்கொண்டு கீழக்கரைக்குப் பஸ் ஏற வேண்டும். பதினேழு கிலோமீட்டர்தான். வழியில் திருப்புல்லாணி. அங்கே ஆதிஜெகநாதப் பெருமாள் கோவிலில் பதிமூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று உண்டு. பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் சோனகர்கள் தொழும் பள்ளிக்கு விடப்பட்ட கொடையைப் பதிவு செய்கிற கல்வெட்டு அது. சோனகர் என்றால் அரபு வழி வந்த முஸ்லிம் வணிகர். பெருமாள் கோவில் சுவரில் பள்ளிவாசலுக்கான சாசனம். இந்த வட்டாரத்தின் செப்பேடுகளையும் தமிழக முஸ்லிம் சரித்திரத்தையும் ஆயுள் முழுவதும் தேடித் தொகுத்த இராமநாதபுரத்துக்காரர் எஸ். எம். கமால். அவருடைய புத்தகங்களைப் படித்துவிட்டு நடந்தால் இந்தச் சாலையில் ஒவ்வொரு மைலுக்கும் ஒரு கொடை கிடக்கும்.

பள்ளி என்ற சொல்லையே பாருங்கள். சமணப் பள்ளி, பௌத்தப் பள்ளி, பிறகு பள்ளிவாசல். தமிழ் முஸ்லிம்கள் தொழுகை என்றார்கள், நோன்பு என்றார்கள். அரபுச் சொல் தெரியாமல் அல்ல. இருந்த சொல் போதுமானதாக இருந்தது.

கீழக்கரை ஜும்மாப் பள்ளிவாசலில் கல்லுக்கும் அதுதான் நடந்திருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டுக் கட்டிடம். வள்ளல் சீதக்காதியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. வரிசை வரிசையாகக் கருங்கல் தூண்கள். சதுரமாகத் தொடங்கி, பட்டை பட்டையாக மாறி, மறுபடி சதுரமாகும் தூண்கள். மேலே போதிகை. போதிகை நுனியில் வாழைப்பூ மாதிரித் தொங்கும் மொட்டு. மேலே கல் உத்தரம், தட்டையான கூரை. எந்த நாயக்கர் காலக் கோவில் மண்டபத்திலும் இதே தூணைப் பார்க்கலாம், ஒரு வித்தியாசத்தோடு. கோவில் தூணின் சதுரத்தில் அனுமாரோ, ஆண்டாளோ, யாளியோ இருக்கும். இங்கே பூ இருக்கிறது, கொடி இருக்கிறது, கோலம் மாதிரியான பின்னல் இருக்கிறது. உயிருள்ளது எதுவும் இல்லை. உளி அதே உளிதான். எதைச் செதுக்கக் கூடாது என்பதில் மட்டும் உத்தரவு மாறியிருக்கிறது.

சீதக்காதி என்ற பெரியதம்பி மரக்காயர் கிழவன் சேதுபதியின் நண்பர். முத்து, சங்கு, துணி, மிளகு வியாபாரம் செய்த கப்பல் முதலாளி. டச்சுக் கம்பெனி ஆவணங்களில் அடிக்கடி எதிர்ப்படுபவர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்தவர். விஜய ரகுநாத என்ற சேதுபதிப் பட்டத்தைத் தன் பெயருக்கு முன்னால் தாங்கியவர். இராமலிங்க விலாசம் கட்டவும் அவர் உதவினார் என்பது இந்தச் சீமையின் பாரம்பரியச் செய்தி. செத்தும் கொடுத்தவர் என்ற பழமொழிக்குள் போய் அவர் ஒரு கதாபாத்திரமாகிவிட்டார்; வியாபாரியாக அவர் என்ன செய்தார் என்பதைப் பழமொழி மறைத்துவிட்டது.

ஆக, ஒரே நூற்றாண்டில், பக்கத்துப் பக்கத்துச் சீமைகளில், ஓர் இந்து அரசர் குவிமாடமும் வளைவும் கட்டினார்; ஒரு முஸ்லிம் வணிகர் போதிகை வைத்த கல்மண்டபம் கட்டினார். குவிமாடம் இஸ்லாமியம், மண்டபம் இந்து என்ற நம் பாடப்புத்தகப் பாகுபாட்டை இந்த இரண்டு கட்டிடங்களும் சேர்ந்து கிழித்துப் போடுகின்றன. வடிவம் மதத்தின் சொத்து என்ற எண்ணம் பின்னால் வந்தது. ஆங்கிலேயக் கலைச் சரித்திரக்காரர்கள் அட்டவணை போடத் தொடங்கியபோது வந்தது என்று சொல்வேன்.

போதிகையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இரண்டு தூண்களின் மேல் கல் உத்தரத்தைக் கிடத்தினால் அதன் அடிப்பாகம் இழுபடுகிறது. இடைவெளி சில அடிகளைத் தாண்டினால் விரிசல் விழும். அதனால்தான் நம் மண்டபங்களில் தூண்கள் காடாக நிற்கின்றன. தூணுக்கு மேல் இருபுறமும் கை நீட்டி உத்தரத்தை வாங்கிக்கொள்ளும் துண்டுதான் போதிகை. அது நீட்டுகிற அளவுக்கு இடைவெளி குறைகிறது. முதலில் அது ஒரு தேவை. பல நூற்றாண்டுகளில் நுனி வளைந்து, சுருண்டு, கடைசியில் வாழைப்பூவாகத் தொங்கியது. பாரம் என்ன மதம் என்று அதற்குத் தெரியாது.

மூன்று கட்டிடங்களின் நடையையும் சேர்த்துப் பார்க்கலாம். இராமேஸ்வரம் கோவில் கிழக்கே கடலைப் பார்த்த கோவில். உள்ளே போகிறவன் மேற்கே பார்த்து நடக்கிறான். பள்ளிவாசலில் தொழுகிறவனும் மேற்கே, சரியாகச் சொன்னால் மேற்குக்குச் சற்று வடக்கே, பார்க்கிறான். தமிழ்க் கடற்கரையிலிருந்து மக்கா அந்தத் திசை. கிழக்கில் வாசல், மேற்கில் பார்வை என்ற கோவில் வாக்கியம் அதனால் ஒரு சொல்லும் மாறாமல் பள்ளிவாசலுக்குப் பொருந்திவிட்டது. முடிகிற இடம்தான் வேறு. கோவிலில் நடை இருட்டுக்குள் ஒரு மூர்த்தியில் முடிகிறது. அரண்மனையில் ஒரு கல்மேடையில், அதாவது ஒரு மனிதனில் முடிகிறது. பள்ளிவாசலில் சுவரில் குடைந்த ஒரு வெற்று மாடத்தில் முடிகிறது. தொழுகிறவர்கள் தோளோடு தோள் வரிசையாக நிற்க வேண்டும்; ஆகவே அங்கே மண்டபம் ஆழத்தைவிட அகலத்தை நாடுகிறது. மாற்றம் இவ்வளவுதான். இவ்வளவுக்குள் மூன்று வேறு உலகங்கள் இருக்கின்றன.

இது நம் கடற்கரைக்கு மட்டும் நேர்ந்த அதிசயம் இல்லை. கோழிக்கோட்டு மிஷ்கால் பள்ளி மலையாளத்து மரவேலையும் அடுக்குக் கூரையுமாக நிற்கிறது. ஜாவாவில் தெமாக் பள்ளிவாசலுக்கு மூன்றடுக்குக் கூரை, குவிமாடம் கிடையாது. சீனத்து ஸியான் நகரப் பள்ளிவாசல் சீன முற்றங்களின் தொடர். ரோமானியர்கள் வழக்கு விசாரிக்கவும் வியாபாரம் பேசவும் கட்டிய பசிலிக்காவைத்தான் ஆரம்பக் கிறிஸ்தவர்கள் தேவாலயமாக எடுத்துக்கொண்டார்கள். புதிதாக ஒன்றைச் சொல்ல வந்தவர்கள் எல்லா ஊரிலும் முதலில் அந்த ஊரின் இலக்கணத்தையே கைக்கொண்டார்கள். மெஹர்தாத் ஷொகூஹி தமிழ்க் கடற்கரையிலும் மலபாரிலும் இப்படிப்பட்ட பள்ளிவாசல்களை அளந்து வரைந்து 2003இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். நம்மூர்த் தூண்களை அளக்க வெளியிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு ஆபத்து காத்திருக்கிறது. மத நல்லிணக்கம் என்ற அரசாங்கச் சொல். விழா மேடைகளில் சீதக்காதியையும் சேதுபதியையும் கைகோர்க்கவிட்டுப் பேசுவதற்கு வசதியான சொல். கட்டிட மொழி பொதுவாக இருந்ததை அன்பின் அடையாளமாக எடுத்துக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை. ஒரே மொழியில் காதலிக்கவும் முடியும், கொலைக்கு ஆணையிடவும் முடியும்.

ஓரியூர் இதே மாவட்டத்தில் திருவாடானைப் பக்கம். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி இயேசு சபைப் பாதிரியார் ஜான் டி பிரிட்டோ அங்கே தலை வெட்டிக் கொல்லப்பட்டார். உத்தரவு அதே கிழவன் சேதுபதியுடையது. மரக்காயருக்குத் தன் பட்டத்தைக் கொடுத்த அதே கை. தடியத்தேவன் என்ற மறவர் பிரபு கிறிஸ்தவராகி, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதிக்கு உறவுப் பெண். மறவர் சீமையில் கல்யாணம் என்பது ராஜதந்திரம். அதைத் தொட்டால் அரசைத் தொட்டது மாதிரி. கடலோரத்து வணிகரின் இஸ்லாம் அந்த அமைப்புக்குள் பொருந்தியது. உள்நாட்டுப் பாதிரியாரின் கிறிஸ்தவம் அதைக் கலைத்தது. விஷயம் சகிப்புத்தன்மை பற்றியதே இல்லை.

பிரிட்டோ தமிழ்நாட்டில் காவியும் தலைப்பாகையுமாகப் பண்டாரசாமி வேஷத்தில் திரிந்தவர். அருளானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டவர். உடையில், உணவில், பேச்சில் ஊரின் இலக்கணத்தை எடுத்துக்கொண்ட மனிதர் அவர். அவர் இறந்த இடத்தில் நிற்கும் கோவிலுக்கோ போர்த்துகீசிய முகப்பு. அவர் கழற்றிப் போட்ட உடையைப் பின்வந்தவர்கள் அவர் நினைவுக்கு மாட்டிவிட்டார்கள். கும்பிட வருகிற ஜனங்கள் முகப்பைப் பார்ப்பதில்லை. செம்மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள். அவர் ரத்தத்தால் சிவந்த மண் என்பது நம்பிக்கை. 1947இல் ரோம் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது. மண் எடுப்பது அதற்கு வெகு காலம் முன்பே தொடங்கிவிட்டது.

இன்னொரு வாசல் கமுதி. 1897இல் அங்கே மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோவிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். பரம்பரை அறங்காவலர் என்ற முறையில் பாஸ்கர சேதுபதியின் பெயரில் வழக்கு நடந்தது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1908இல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. விவேகானந்தர் சிக்காகோ போகத் துணை நின்றவர், 1897 ஜனவரியில் அவர் பாம்பனில் வந்து இறங்கியபோது எதிர்கொண்டு வரவேற்றவர், இதே பாஸ்கர சேதுபதி. வழக்குக்குக் காரணமான நுழைவு அதே வருஷம் மே மாதம். ஆலயப் பிரவேசச் சட்டம் வர 1939 ஆயிற்று; முழுமையாக வர 1947. தூணும் போதிகையும் எல்லா மதத்துக்கும் பொதுவாக இருந்த காலத்தில் வாசல் எல்லா ஜாதிக்கும் பொதுவாக இருக்கவில்லை. மண்டபத்தின் அழகைப் பேசுகிறவன் இந்த வாசலில் ஒருமுறை நின்றுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

உள்ளே போவது என்றால் இராமேஸ்வரம் மூன்றாம் பிராகாரம். பதினெட்டாம் நூற்றாண்டு வேலை. மேற்குப் பக்கத்தில் முத்துராமலிங்க சேதுபதியின் சிலை நிற்கிறது. 1795இல் கம்பெனி பதவியிலிருந்து இறக்கிச் சிறையிலேயே வைத்து முடித்த சேதுபதி அவர். 1,212 தூண்கள் என்று கணக்குச் சொல்வார்கள். நான்கு பக்கமும் சேர்ந்து நாலாயிரம் அடிக்குக் கிட்ட வரும். தீவில் கருங்கல் கிடையாது. மணலும் பவளப் பாறையும்தான். கருங்கல் என்று இங்கே நிற்பதெல்லாம் கடல் தாண்டித் தோணியில் வந்தது.

ஜேம்ஸ் பெர்குஸன் கல்கத்தாவில் அவுரி வியாபாரம் செய்த பணத்தில் இந்தியக் கட்டிடங்களைச் சுற்றிப் பார்த்தவர். 1876இல் வெளியான அவர் நூல்தான் இந்தத் துறைக்கு இலக்கணம் வகுத்தது. திராவிட பாணியின் எல்லா அழகுகளையும் எல்லாக் குறைகளையும் ஒரே கோவிலில் காட்டச் சொன்னால் இராமேஸ்வரத்தைத்தான் காட்ட வேண்டும் என்பது அவர் அபிப்பிராயம். பிராகாரத்தின் நீளம் அவரை அசத்தியது. இங்கிலாந்து தேவாலயம் எதுவும் ஐநூறு அடியைத் தாண்டவில்லை, இது எழுநூறு என்று ஒப்பிட்டார்.

ஒப்பீட்டின் அடிப்படையே தப்பு. தேவாலயத்தின் நீளம் ஒரு பீடத்தை நோக்கிப் போகிற நீளம். கண் முன்னே ஓடி முடிவைத் தொடும். உடல் பின்னால் போகும். பிராகாரம் எதை நோக்கியும் போவதில்லை. சுற்றுகிறது. மூலைக்கு வந்தால் திரும்ப வேண்டும், திரும்பினால் அதே மாதிரி இன்னொரு நீளம். அங்கே நிற்பதற்கும் ஒன்றுமில்லை, சேர்வதற்கும் ஒன்றுமில்லை. சுவாமி புறப்பாட்டுக்கும் மழைக்கும் உப்புக்காற்றுக்குமாகக் கூரை போட்ட தெரு அது. நடப்பதற்காக மட்டும் கட்டப்பட்ட கட்டிடம் என்று தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். பெர்குஸன் அதை நின்று பார்த்தார். காசியிலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்து, ஈரத்துணியோடு தீர்த்தத்துக்குத் தீர்த்தம் ஓடுகிற கிழவி பெர்குஸனைவிட அதைச் சரியாக வாசிக்கிறாள்.

இனி இன்றைய நிலை. கடந்த ஐம்பது அறுபது வருஷங்களில் இந்தக் கடற்கரையில் எழுந்த பள்ளிவாசல்களுக்குக் குவிமாடமும் மினாராவும் வந்துவிட்டன. பார்த்தவுடன் வளைகுடா நினைவுக்கு வர வேண்டும். தேவாலயங்களுக்குக் கூர்முனை வளைவு. ஐரோப்பா நினைவுக்கு வர வேண்டும். கோவில்களுக்கு எனாமல் பெயிண்ட் அடித்த சிமெண்ட் பொம்மைகள். சினிமா செட்டும் நாட்காட்டிப் படமும் நினைவுக்கு வருகின்றன. தூரத்திலேயே 'நான் இன்னார்' என்று கத்துவதுதான் இப்போது கட்டிடத்தின் முதல் காரியம்.

வேடிக்கை என்னவென்றால், உள்ளே இவை மூன்றும் ஒன்றுதான். கம்பி கட்டிய கான்கிரீட் தூண், கான்கிரீட் உத்தரம், கான்கிரீட் கூரை. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி இழுப்பைத் தாங்கிக்கொள்கிறது. போதிகை வேண்டாம், தூண் காடு வேண்டாம். அநேகமாக ஒரே மேஸ்திரி, ஒரே சென்ட்ரிங் பலகை, ஒரே சிமெண்ட் மூட்டை. அன்று நம்பிக்கைகள் வேறாக இருந்தன, கண்ணுக்குத் தெரிந்த வடிவம் ஒன்றாக இருந்தது. இன்று எலும்பு ஒன்றாக இருக்கிறது, தோலை வேறு வேறாக ஒட்டிக்கொள்கிறோம். வடிவம் தேவையிலிருந்து கழன்றுகொண்டால் அது சின்னமாகிவிடும். கொடி மாதிரி, சுவரொட்டி மாதிரி. சின்னங்களுக்குள் உரையாடல் சாத்தியமில்லை. பக்கத்துச் சின்னத்தைவிட உயரமாக இருக்கத்தான் அவற்றால் முடியும்.

வங்கியில் வீட்டுக் கடனுக்கு வரும் மதிப்பீட்டு அறிக்கைகளை நான் தினமும் பார்க்கிறேன். கட்டிடத்தின் வயது, கூரையின் வகை, தேய்மானம். சுண்ணாம்பும் பவளக் கல்லும் தேக்கு உத்தரமுமாக நூறு வருஷம் நின்ற வீட்டுக்கு மதிப்பு பூஜ்யம். மனைக்கு மட்டும்தான் விலை. அறிக்கை எழுதும் பொறியாளர் மேல் குற்றமில்லை, கட்டங்கள் அப்படி. பூஜ்யம் என்று எழுதிய பிறகு அந்த வீட்டை இடிப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை. இப்படித்தான் ஒரு தெரு மறைகிறது. யாரும் கோபப்படுவதில்லை.

கான்கிரீட்டைத் திட்டிவிட்டுக் கருங்கல்லுக்குத் திரும்பச் சொல்கிற பழமைவாதி இல்லை நான். 2001இல் பவளப் பாறைகளுக்கு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு வந்தது, வரவேண்டியதுதான். அந்தக் கல்லில் இனி வீடு கட்ட முடியாது, கட்டக் கூடாது. தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயல் மிச்சம் வைத்த தேவாலயச் சுவரில் அந்தக் கல்லை இன்றும் பார்க்கலாம். பூச்சு உதிர்ந்து, புழையும் வரியுமாகக் கடல் பிராணியின் எலும்பு வெளியே தெரிகிறது. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை போட்ட பிறகு ஜனங்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

நம் காலத்துக்கும் ஒரு போதிகை சாத்தியம் என்பதற்கு வழியிலேயே சாட்சி இருக்கிறது. பாம்பன் ரயில் பாலம். 1914இல் திறந்த பழைய பாலத்தில், கப்பல் போக வேண்டும் என்பதற்காக நடுவில் இரண்டு கைகள் மேலே தூக்கிக்கொண்டன. 1964 புயலுக்குப் பிறகு நாற்பத்தாறு நாளில் அதைச் சீராக்கினார் இ. ஸ்ரீதரன். 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது. இரண்டு பாலத்துக்கும் வடிவம் வெவ்வேறு, தேவை ஒன்று. ஒன்று மற்றதைப் போல வேஷம் போடவில்லை. வாழைப்பூ இன்னும் மலரவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். அதற்குச் சில நூற்றாண்டுகள் பிடிக்கும்.

மரபு, நவீனம் என்று நம் பத்திரிகைகளில் நடக்கும் சண்டைகளில் இரண்டு தரப்பும் மரபை ஒரு சொத்தாகவே வைத்துப் பேசுகின்றன. ஒருவர் பூட்டி வைக்கச் சொல்கிறார், மற்றவர் விற்றுவிடச் சொல்கிறார். கீழக்கரைத் தூணை வடித்தவன் முன்னால் இந்தக் கேள்வி எழுந்திருக்காது. அவன் கையில் ஒரு இலக்கணம் இருந்தது. வந்தவர் கேட்டதை அதில் சொன்னான். சாமியை வை என்றால் வைத்தான், வைக்காதே என்றால் பூவை வைத்தான். இரண்டிலும் உத்தரம் விழாமல் பார்த்துக்கொண்டான். சேதுபதிகளின் பெயர் செப்பேட்டில் இருக்கிறது, மரக்காயர் பெயர் பழமொழியில். இவன் பெயர் எதிலும் இல்லை. அடுத்த முறை இந்தப் பக்கம் வருகிற நண்பர்கள், கோபுரத்தைப் பார்த்தது போதும், போதிகையைப் பார்த்துவிட்டுப் போகலாம். அரண்மனையிலிருந்து தொடங்கினால் சாயங்காலத்துக்குள் கீழக்கரை போய்த் திரும்பிவிட முடியும். கடைசி பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருக்கும்.